மெஷின் இருக்கிறது, வத்தல் வாங்கப் பணம் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் பத்திரிகையின் மாவட்டச் செய்திப் பக்கத்தில் ஒரு படம் போட்டிருந்தீர்கள். மகளிர் தொழில்முனைவோர் பயிற்சி முகாம் நிறைவு விழா. மேடையில் ஒன்பது பேர், நடுவில் குத்துவிளக்கு, கீழே சான்றிதழை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நாற்பது பெண்கள். அதே மாதிரி ஒரு படத்தில் சில வருடங்களுக்கு முன்னால் நானும் இரண்டாவது வரிசையில் நின்றிருக்கிறேன். அந்தச் சான்றிதழ் இப்போதும் பீரோவில் இருக்கிறது, லேமினேட் செய்து வைத்திருக்கிறேன். அதன் பிறகு என்ன ஆனது என்று யாரும் எழுதுவதில்லையே என்றுதான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு விருதுநகர் மாவட்டம், அருப்புக்கோட்டைப் பக்கம். மிளகாய்த்தூள், மல்லித்தூள், குழம்புப் பொடி அரைத்து பாக்கெட் போட்டு விற்கிறேன். 2016-ல் வீட்டுத் திண்ணையில் ஆரம்பித்தது, இப்போது என்னோடு சேர்த்து மூன்று பேர் வேலை பார்க்கிறோம். பெரிய தொழில் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அது நின்றால் மூன்று வீட்டில் அடுப்பு தடுமாறும்.

முதலில் பயிற்சியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் போனது ஐந்து நாள் பயிற்சி, எந்த நிறுவனம் என்பது வேண்டாம். காலை பத்து மணிக்கு ஆரம்பித்து மாலை ஐந்து மணிக்கு முடியும், பள்ளிக்கூடம் விட்டு நாலு மணிக்குப் பிள்ளைகள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள் என்பது அந்த நேரத்தைக் குறித்தவருக்குத் தெரியவில்லை, சரி, அதை விடுங்கள். அங்கே சொல்லிக்கொடுத்தது என்ன தெரியுமா? சாம்பார்ப் பொடி. மல்லியை எவ்வளவு வறுக்கணும், வெந்தயம் எப்போது போடணும் என்று ஒரு பெண் பிள்ளை, என் மகள் வயசு இருக்கும், பலகையில் எழுதிப் போட்டாள். என் பக்கத்தில் அறுபது வயது மதினி ஒருவர் உட்கார்ந்திருந்தார், முப்பது வருடமாகக் கல்யாண வீடுகளுக்குப் பொடி திரித்துக் கொடுப்பவர். அவர் மெதுவாக என் காதில், “இந்தப் பக்குவத்துல வறுத்தா கசந்துருமே தாயி” என்றார். இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

எங்களுக்குத் தெரியாதது பொடி இல்லை. விலை போடுவதுதான் தெரியாது. நூறு கிராம் மிளகாய்த்தூள் பாக்கெட்டை இரண்டு வருடம் ஒரே விலைக்கு விற்றேன், பாக்கெட்டுக்கு ஏழெட்டு ரூபாய் நிற்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் கூட்டுறவு சங்கத்தில் கணக்கராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு அண்ணாச்சி இருக்கிறார், ஒருநாள் சும்மா பேச்சுவாக்கில் நோட்டைக் கொண்டு வாம்மா பார்க்கலாம் என்றார். இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து பார்த்தோம். ஒரு கிலோ மிளகாய் வத்தலை வாங்கி, மறுபடி வெயிலில் காயவைத்து, காம்பு கிள்ளி அரைத்தால் தூளாகக் கைக்கு வருவது ஒரு கிலோ இல்லை, நூறு நூற்றைம்பது கிராம் குறையும். அதை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. கடைக்காரருக்குக் கொடுக்கும் கமிஷன், திரும்பி வரும் பழைய பாக்கெட், கரண்ட் பில், டெலிவரிக்குப் போகும் பெட்ரோல், ஒன்றொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தவர் கடைசியில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “எல்லாம் இருக்கு, உனக்குச் சம்பளம் எங்கம்மா?” என்றார். எனக்குப் பதில் வரவில்லை. எனக்கென்று நாள் கூலி முந்நூறு ரூபாய் வைத்துப் பார்த்தால் அந்த இரண்டு வருடமும் நஷ்டத்துக்குத்தான் விற்றிருக்கிறேன்.

அந்த இரண்டு சாயங்காலத்தை அந்த ஐந்து நாளில் யாராவது கொடுத்திருக்கலாம். உணவுப் பாதுகாப்புப் பதிவையும் சொல்லிக் கொடுத்திருக்கலாம். நான் பதிவு செய்தபோது சிறிய அளவில் விற்பவர்களுக்கு வருடக் கட்டணம் நூறு ரூபாய்தான், ஆன்லைனில் நாமே போட்டுக்கொள்ளலாம், இது தெரியாமல் ஒரு ஏஜெண்டுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு கொடுத்தேன். குறு, சிறு தொழில் என்று மத்திய அரசிடம் பதிந்துகொள்கிற உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது, அதற்கும் காசு வாங்குகிறவர்கள் எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்ட் எதிரிலேயே போர்டு மாட்டி வைத்திருக்கிறார்கள்.

எல்லாப் பயிற்சியும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. மாவட்டத்துக்கு மாவட்டம் முன்னோடி வங்கிகள் நடத்துகிற ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன, தங்குமிடம் சாப்பாடு எல்லாம் இலவசம். கர்நாடகத்தில் உஜிரே என்ற ஊரில் 1982-ல் தொடங்கிய ஒரு பயிற்சி மையத்தைப் பார்த்து நாடு முழுக்க வந்த ஏற்பாடு அது. பயிற்சி முடித்தவரை இரண்டு வருடம் தொடர்ந்து பார்த்து, வங்கிக் கடன் கிடைக்கும்வரை உதவ வேண்டும் என்பது அதன் நடைமுறையிலேயே உண்டு. என் தங்கை மகள் அங்கேதான் தையலும் எம்பிராய்டரியும் படித்தாள், அவளுக்கு அடிக்கடி போன் வரும், கடை போட்டாச்சா, வங்கியில் என்ன சொன்னார்கள் என்று. நான் போன பயிற்சியிலிருந்து எனக்கு வந்தது ஒரே ஒரு போன், அதுவும் ஆதார் நகல் சரியாகத் தெரியவில்லை, மறுபடி அனுப்புங்கள் என்பதற்கு.

சரி, பணத்துக்கு வருகிறேன். இதுதான் முக்கியம்.

2019 தை மாதம் மானியத்தோடு கூடிய ஒரு கடனுக்கு விண்ணப்பித்தேன். புராஜெக்ட் ரிப்போர்ட், மூன்று கொட்டேஷன், வாடகை ஒப்பந்தம், நேர்காணல், எல்லாம் முடிந்து கடன் வந்தது ஐப்பசியில். வங்கியிலிருந்து பணம் நேராக மெஷின் கம்பெனிக்குப் போய்விடும், நம் கைக்கு வராது. அது நியாயம்தான், வாங்கிய கடனில் நகை வாங்குகிறவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். பொடி அரைக்கும் பல்வரைசர் வந்தது, பாக்கெட் ஒட்டும் மெஷின் வந்தது. மும்முனை மின்சாரத்துக்கு எழுதிப் போட்டுக் காத்திருந்தேன், அதுவும் வந்தது. எல்லாம் வந்த பிறகு மெஷின் நாலு மாதம் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. ஏனென்றால் அதில் போட்டு அரைக்க என்னிடம் வத்தல் இல்லை, வத்தல் வாங்கப் பணம் இல்லை. மாதத் தவணை மட்டும் சரியாக ஆரம்பித்துவிட்டது.

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் மிளகாய் வத்தல் மாசிக் கடைசியில் வர ஆரம்பிக்கும், பங்குனி சித்திரையில் குவியும். ராமநாதபுரம் முண்டு வத்தலுக்கு 2023-ல் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது, நீங்களும் செய்தி போட்டிருப்பீர்கள். குவிகிற நேரத்தில் விலை இறங்கும். அப்போது வாங்கிக் காயவைத்து மூட்டை கட்டி வைத்தவன் வருடம் முழுக்கப் பிழைப்பான். ஒரு வருடம் நான் பங்குனியில் கிலோ 160-க்குப் பார்த்த வத்தலை ஐப்பசியில் 230 கொடுத்து வாங்கினேன். எனக்கு வருடத்துக்கு 600 கிலோ வேண்டும். கிலோவுக்கு 70 ரூபாய் என்றால் 42,000 ரூபாய். அது என் உழைப்பில் போனது இல்லை, பங்குனி மாதம் என் கையில் 96,000 ரூபாய் இல்லாததால் போனது. வியாபாரிகள் இதை ரொட்டேஷன் பணம் என்பார்கள். சரக்கு வாங்க, விற்று வரும்வரை தாக்குப்பிடிக்க, கையில் சுற்றிக்கொண்டிருக்க வேண்டிய பணம். மெஷினுக்குக் கடன் தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள், ரொட்டேஷனுக்குத் தரத்தான் ஆளில்லை.

பெரிய திட்டமாகப் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கிராமத்துப் பெண் என்றால் திட்டச் செலவில் 35 சதவீதம் மானியம், நகரம் என்றால் 25 சதவீதம், நாம் போட வேண்டியது 5 சதவீதம்தான். நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் மெஷின், தளவாடம் என்று மூலதனச் செலவு இல்லாத திட்டத்தை அதில் ஏற்க மாட்டார்கள். நடைமுறை மூலதனம், அதாவது இந்த ரொட்டேஷன் பணம், வேண்டுமானால் மெஷினோடு ஒட்டிக்கொண்டுதான் வர வேண்டும். ஏற்கெனவே மெஷின் வைத்துக்கொண்டு வத்தலுக்குப் பணம் தேடுகிறவளுக்கு அங்கே இடம் கிடையாது, புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கானது அது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மானியம் என்றதும் கையில் காசு வரும் என்று நினைக்கிற பெண்கள் நிறைய. அது மூன்று வருடம் வங்கியிலேயே வைப்புத் தொகையாக இருக்கும், தொழில் ஒழுங்காக நடந்தால்தான் கடனில் கழிப்பார்கள். இதைச் சொல்லாமல் “சப்சிடி வாங்கித் தருகிறேன்” என்று கமிஷன் பேசுகிற தரகர்களை நம்பி ஏமாந்தவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர்.

சிறு தொழிலுக்கு வங்கிகள் தரும் முத்ரா கடன் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2015-லிருந்து இருக்கிறது. கணக்குகளில் மூன்றில் இரண்டு பங்கு பெண்களுடையவை என்று அரசே சொல்கிறது, அதில் பெருமைப்படலாம், ஆனால் முத்ராவில் பெரும்பாலானவை சிசு வகைக் கடன், அதாவது 50,000 ரூபாய்க்குள். அந்தப் பணத்தில் பங்குனியில் எனக்கு வேண்டிய வத்தலில் பாதியைத்தான் வாங்கலாம். அதற்கு மேலே கிஷோர், 5 லட்சம் வரை. அதைக் கேட்டு ஒரு வங்கிக் கிளைக்குப் போனேன். எடுத்ததும் கேட்ட கேள்வி, “வீட்டுக்காரர் என்ன பண்றார்?” அடுத்தது, “ஏதாவது டெபாசிட் இருக்கா, இல்ல வீட்டுப் பத்திரம்?” குறுந்தொழிலுக்கு 10 லட்சம் வரை பிணை கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010-லேயே சொல்லிவிட்டது. இதை நான் அங்கே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கடன் கிடைத்திருக்கும் என்றா நினைக்கிறீர்கள்? சட்டம் பேசுகிற பெண்பிள்ளை என்று பெயர்தான் கிடைத்திருக்கும். முத்ரா கார்டு என்று ஒன்று உண்டு, வேண்டும்போது எடுத்து, விற்றதும் கட்டி, எடுத்த பணத்துக்கு மட்டும் வட்டி, எனக்கு வேண்டியது அச்சு அசலாக அதுதான். கேட்டேன். “அதெல்லாம் இப்ப யாரும் கேட்கிறது இல்லம்மா” என்றார்கள். நான்தானே கேட்டுக்கொண்டு நிற்கிறேன்!

அப்புறம் ஏன் பெண்கள் நுண்கடன் கம்பெனியிடம் போய் விழுகிறார்கள் என்று பத்திரிகைகள் வருத்தப்பட்டு எழுதுகின்றன. காரணத்தை நான் சொல்கிறேன். பங்குனி மாதம் கேட்டால் மூன்றே நாளில் பணம் வீட்டு வாசலுக்கு வரும். கொட்டேஷன் கேட்க மாட்டார்கள், எதற்கு என்று கேட்க மாட்டார்கள். ஒரு தடவை நானும் வாங்கினேன். ஒரு லட்சத்துக்கு வருடம் 24,000 ரூபாய் வட்டி என்றே வைத்துக்கொள்வோம், வத்தல் விலையில் எனக்கு மிச்சமாவது 42,000. கணக்குப்படி லாபம்தான். ஆனால் அடுத்த வாரமே தவணை. நான் வாங்கிய வத்தல் வருடம் முழுக்க அரைத்து விற்க வேண்டிய சரக்கு, முதல் வாரத் தவணைக்கு அதிலிருந்து என்ன வரும்? கையில் இருந்த சீட்டுப் பணத்தை எடுத்துக் கட்டினேன், அப்புறம் தோடு. ஏழு மணிக்கே தவணை வசூலிக்க வந்தவரின் வண்டி வாசலில் நிற்கும், பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். மிரட்டி வசூலிப்பதைத் தடுக்க 2025-ல் நம் சட்டமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது, நல்லது. ஆனால் வங்கிக் கடன் பங்குனியில் கிடைத்திருந்தால் அந்த வண்டி என் வாசலுக்கே வந்திருக்காது.

ஒன்று யோசித்துப் பாருங்கள். அதே வத்தலை விளைவிக்கிற விவசாயிக்குப் பயிர்க்கடன் உண்டு, கிசான் கார்டு 1998-லிருந்தே உண்டு, விதைக்கும்போது பணம், அறுவடை முடிந்து கட்டினால் போதும், ஒழுங்காகக் கட்டினால் வட்டியும் குறைவு. பயிருக்குப் பருவம் இருக்கிறது என்று வங்கிக்குப் புரிகிறது. அந்த வத்தலை வாங்கி அரைக்கிறவளுக்கும் அதே பருவம்தானே? அது ஏன் புரியவில்லை? எங்களுக்கும் மாசியில் கொடுங்கள், ஆடியிலிருந்து பகுதி பகுதியாக வாங்கிக்கொள்ளுங்கள். அப்பளம் போடுகிறவளுக்கு, ஊறுகாய் போடுகிறவளுக்கு, தீபாவளிக்குத் தைக்கிறவளுக்கு, எல்லோருக்கும் ஒரு பருவம் இருக்கிறது.

அப்பளம் என்றதும் நினைவுக்கு வருகிறது. லிஜ்ஜத் அப்பளத்தை எல்லாப் பயிற்சியிலும் உதாரணமாகச் சொல்வார்கள், 1959-ல் மும்பையில் ஒரு மொட்டை மாடியில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடனில் ஆரம்பித்தது என்று, கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம். எங்கள் பயிற்சியிலும் சொன்னார்கள், தன்னம்பிக்கைக்கு. அவர்கள் சொல்லாமல் விட்டது, அந்த அமைப்பு நடக்கிற விதம். அங்கே உறுப்பினர் உளுந்து வாங்க வேண்டியதில்லை. பிசைந்த மாவை வாங்கிப் போய், வீட்டில் அப்பளமாக உருட்டிக் காயவைத்து, மறுநாள் கொண்டுவந்து கொடுத்து, உருட்டிய கூலியைக் கையோடு வாங்கிக்கொண்டு போவார்கள். சரக்குக்கான பணம், விற்று வரும்வரை காத்திருக்கும் சுமை, இரண்டையும் அமைப்பு தூக்கிக்கொண்டது. தன்னம்பிக்கை எங்களிடமும் இருக்கிறது ஐயா. மாவைத்தான் காணோம்.

காத்திருக்கும் சுமை என்றேனே, அது கடைக்காரரிடம். எங்கள் பொடியை வாங்கி வைக்கிற கடைகள் முக்கால்வாசி கடனுக்குத்தான் எடுக்கும். விற்றால் காசு, அதுவும் அடுத்த தடவை சரக்கு போடும்போது. பதிவு செய்த குறு, சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ம் வருடச் சட்டம் இருக்கிறது, புகார் கொடுக்க இணையதளமும் இருக்கிறது. நான் புகார் கொடுத்தால் மறுநாள் என் பாக்கெட் ரேக்கிலிருந்து இறங்கிவிடும், அந்த இடத்துக்கு வேறு கம்பெனி பாக்கெட் ஏறிவிடும், அவ்வளவுதான். பெரிய கம்பெனிகளுக்கு நடுவில் இந்தச் சட்டம் எப்படியோ, எங்களைப் போன்றவர்களுக்கு அந்த நாற்பத்தைந்து நாளைத் தாங்க ரொட்டேஷன் பணம் ஒன்றுதான் வழி.

வழியே இல்லாமலும் இல்லை. 2020-ல் வந்த குறு உணவு பதப்படுத்தும் நிறுவனங்களுக்கான மத்தியத் திட்டத்தில் உணவுத் தொழில் செய்கிற சுய உதவிக் குழுப் பெண் ஒருவருக்கு 40,000 ரூபாய் தொடக்க நிதி உண்டு, நடைமுறை மூலதனத்துக்கும் சின்னக் கருவிகளுக்கும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. யாரோ விஷயம் தெரிந்தவர் எழுதியிருக்கிறார். விண்ணப்பம் போடவும் வங்கியில் பேசவும் மாவட்டத்துக்கு வள நபர்கள் என்றும் வைத்திருக்கிறார்கள். அதே மாதிரி, 2025 மத்திய பட்ஜெட்டில் உத்யம் பதிவு பெற்ற குறுந்தொழில்களுக்கு 5 லட்சம் வரம்புள்ள கிரெடிட் கார்டு என்று அறிவித்தார்கள். மாநில பட்ஜெட்டிலும் அதே வருடம் ஒரு லட்சம் பெண்களைத் தொழில்முனைவோராக்க 10 லட்சம் வரை கடன் என்றார்கள். இவையெல்லாம் எத்தனை பேருக்கு எந்த மாதத்தில் கைக்கு வந்தது என்று உங்கள் நிருபர்கள் ஒவ்வொரு மாவட்டத்திலும் கேட்டு எழுதினால் அந்தக் குத்துவிளக்குப் படத்தைவிட எங்களுக்கு ஆயிரம் மடங்கு பயன். எத்தனை பேர் என்பதைவிட எந்த மாதம் என்று கேளுங்கள். அதுதான் எங்களுக்கு வேண்டிய விவரம்.

இன்னும் ஒன்று, விட மனசில்லை. மகாராஷ்டிரத்தில் சதாரா மாவட்டம் மஸ்வட் என்ற ஊரில் சேதனா சின்ஹா என்பவர் கிராமத்துப் பெண்களைச் சேர்த்து மாண் தேசி என்ற பெண்கள் கூட்டுறவு வங்கியை 1997-ல் தொடங்கினார். முதலில் உரிமம் கேட்டபோது, உறுப்பினர்கள் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்று ரிசர்வ் வங்கி மறுத்துவிட்டது. அந்தப் பெண்கள் எழுத்துக் கற்றுக்கொண்டு திரும்பப் போய், ஒரு வட்டிக் கணக்கைக் கொடுங்கள், நாங்கள் போடுகிறோம், உங்கள் அதிகாரிகளும் கால்குலேட்டர் இல்லாமல் போடட்டும், யார் முதலில் முடிக்கிறார்கள் பார்ப்போம் என்று கேட்டார்களாம். சேதனா சின்ஹாவே மேடையில் சொன்னது இது. அவர்கள் பிறகு பஸ்ஸில் வகுப்பு வைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். இதைக் கேட்டபோது எனக்கு எங்கள் தெரு அண்ணாச்சியின் நோட்டுதான் ஞாபகம் வந்தது. நம் ஊர்களில் ஓய்வுபெற்ற கணக்கர்கள், வங்கிக்காரர்கள், வணிகவியல் வாத்தியார்கள் எத்தனை பேர் சாயங்காலம் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்! அவர்களுக்குப் பஸ் செலவும் ஒரு சின்ன மதிப்பூதியமும் கொடுத்து, பயிற்சி முடித்த பத்துப் பெண்களுக்கு ஒருவர் என்று விட்டால், மாதம் ஒரு தடவை நோட்டைப் பார்த்தால், மண்டப வாடகையும் மைக் செட்டும் மிச்சம்.

இதை எழுதும்போது தை பிறந்து பத்து நாள் ஆகிறது. அந்த 5 லட்சம் கார்டுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், இந்தத் தடவை வேறொரு வங்கிக் கிளை. உத்யம் சான்றிதழ், ஆறு மாத பேங்க் ஸ்டேட்மெண்ட், கடைகளுக்குப் போட்ட பில் நகல் எல்லாம் கொடுத்தாயிற்று. நேற்று போன் செய்து கடை வாடகை ஒப்பந்தத்தின் நகல் இன்னொன்று வேண்டும் என்றார்கள், திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். மாசிக் கடைசியில் முதல் வத்தல் சந்தைக்கு வந்துவிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அருப்புக்கோட்டை வட்டம், விருதுநகர் மாவட்டம்